உப்பும் புல்லும்: மரக்காணக் கரையில் சிறுமந்தையின் வரலாறு

ஆண்டுதோறும் ஜகாத் பாடத்தை நடத்தும்போது ஆடுகளின் நிஸாபை மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பது வழக்கம். 40 ஆடுகளுக்கு ஓர் ஆடு, 121-க்கு இரண்டு, 201-க்கு மூன்று, 400-க்கு நான்கு, அதன் பின்னர் நூற்றுக்கு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் இப்பாடத்தின்போது மரக்காணம் பகுதியிலிருந்து வந்து ஓதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், எங்க வீட்டுல 39 ஆடு இருக்கு, நாற்பதாவது எப்ப வரும்னு அத்தா எதிர்பார்த்துக்கிட்டிருக்காங்க" என்றார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். பிறகுதான் நமக்கு உறைத்தது: இத்தனை ஆண்டுகளாக இந்த எண்களைக் கற்பித்த நாம், மேய்ந்து திரும்பும் ஒரு மந்தையின் அருகில் நின்று அவற்றை ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை.

அவ்வாண்டு விடுமுறையில் அம்மாணவரின் வீட்டிற்குச் சென்றோம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒரு புறம் உப்பளங்கள், மறுபுறம் கழுவெளியின் தாழ்ந்த நிலம். இரண்டிற்கும் இடைப்பட்ட மேட்டில் சிறிய வீடு. பனையோலை வேய்ந்த ஆட்டுப்பட்டி. தாய், தந்தை, இரு மகன்கள் ஆகிய நால்வரின் உழைப்பில் அம்மந்தை வளர்கிறது. ஞாயிறுதோறும் விடியற்காலையில் ஓர் ஆட்டையோ இரண்டையோ அறுத்து, அக்கம்பக்கத்து முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தாமே விற்கின்றனர். சந்தைக்கு ஏன் கொண்டு போவதில்லை என்று வினவினோம். "சந்தைக்கு ஓட்டிட்டுப் போனா என் ஆட்டுக்கு இன்னொருத்தர் விலை சொல்றார், ஹஜ்ரத். இங்க அறுத்தா நான் விலை சொல்றேன்" என்றார் அந்தத் தந்தை.

அவருடைய இந்தச் சொல்லுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. மேய்ப்பவருக்கும் உண்பவருக்கும் இடையே என்ன உறவு இருந்தது, மந்தையின் இழப்பை யார் தாங்கினர், புல்வெளி யாருக்கு உரியதாய் இருந்தது என்னும் மூன்று வினாக்களே அவ்வரலாற்றின் உள்ளீடு. நமது ஃபிக்ஹு நூல்களும் இதே வினாக்களை வேறொரு நிலத்தில் நின்று எழுப்பியுள்ளன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எயிற்பட்டினத்து நாடு

சங்க நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனை நத்தத்தனார் பாடியது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடும் சோபட்மா துறைமுகத்தையும் இவ்விடத்தோடு பொருத்திக் காட்டுவோர் உளர். அந்நாட்டின் மற்றோர் ஊரான கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது.

பாணர்கள் வழியில் பெறும் உணவை அந்நூல் ஊர்வாரியாக விவரிக்கிறது. பட்டினத்தில் மீன், வேலூரில் காட்டு விலங்கின் இறைச்சி, ஆமூரில் நண்டுடன் சோறு. அந்தந்த நிலம் ஈன்றதை அந்தந்த நிலத்தார் தம் கையாலேயே விருந்தினருக்கு இடுகின்றனர். கடலும், உப்பும், வயலும், புன்செய்க் காடும் ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் அமைந்த நாடு இது என்பதை இதிலிருந்து உணரலாம். இந்த நெருக்கமே இங்குக் கால்நடை வளர்ப்பின் இயல்பையும் வகுத்தது. மழைக்காலத்தில் மேட்டு நிலத்தில் மேய்ச்சல். அறுவடைக்குப் பின் வயலின் தாள். கோடையில் நீர் வற்றிய கழுவெளியின் படுகை. இவ்வாறு ஓராண்டுக்குள் மூன்று நிலங்களில் மாறி மாறி மேய்ந்தே மந்தைகள் பிழைத்தன.

கழுவெளி கடலோடு கூடும் கழிமுகத்திற்கு எடையன்திட்டு என்று பெயர். அப்பெயரில் ஓர் இடையர் மறைந்திருக்கிறார் என்று கருத இடமுண்டு.

சாவா மூவாப் பேராடு

சோழர் காலத்தில் தமிழகமெங்கும் கோயில் விளக்குகளுக்கு ஆடுகள் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கு வகுக்கப்பட்டிருந்தது. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர்.

ஆடு சாகும், மூப்படையும். அப்படியிருக்க இப்பெயர் எவ்வாறு வந்தது? செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டிகளை நிரப்பி, மந்தையின் எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது இடையரின் கடமை. அதாவது ஆட்டின் சாவைக் கொடையாளர் காண்பதில்லை. அதைக் காண்பவர் இடையர் மட்டுமே. எண்ணிக்கைக்கு மேற்பட்ட பெருக்கம் அவருக்கு ஊதியமாயிற்று எனலாம். நல்ல மழை பெய்த ஆண்டில் இவ்வொப்பந்தம் இடையருக்கு வாழ்வளித்தது. வறண்ட ஆண்டிலோ, குட்டி பிறந்தாலும் பிறவாவிட்டாலும் உழக்கு நெய் குறையக்கூடாது என்பதால் இழப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. மந்தையின் இழப்பை யார் தாங்குவது என்னும் வினாவுக்கு அக்காலம் அளித்த விடை இது.

செம்மறியும் கிடையும் கூறும்

இக்கரையில் மேயும் செம்மறிக்குக் கால்நடை அறிவியலார் 'மெட்ராஸ் ரெட்' என்று பெயரிட்டுள்ளனர். காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை அறிவியல் முதுநிலை ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தை நெடுங்காலமாக ஆய்ந்து வருகிறது. பழைய செங்கற்பட்டு, தென்னார்க்காடு மாவட்டங்களே இதன் தாயகம். செந்நிறம் அல்லது பழுப்பு நிறம். கிடாவுக்குக் கொம்புண்டு, பெட்டைக்கு இல்லை. கம்பளி தராது, இறைச்சிக்கே உரியது. வளர்ந்த பெட்டை ஏறத்தாழ 23 கிலோ, கிடா ஏறத்தாழ 35 கிலோ எடையிருக்கும். வெயிலையும் வறட்சியையும் தாங்கி, கொட்டகைத் தீவனமின்றி வெளி மேய்ச்சலிலேயே பிழைக்கும் இயல்பே இதன் சிறப்பு.

இவ்வாடு மூன்று வகையில் குடும்பத்துக்குப் பயன்பட்டது. முதலாவது கிடை. அறுவடை முடிந்த வயலில் இரவில் மந்தையை அடைத்து வைத்தால் அதன் புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு உரமாகும். அதற்கு நிலத்துக்காரர் நெல்லாகவோ பணமாகவோ கூலி அளிப்பார். இரண்டாவது வாரம். ஆடு வாங்க வசதியுள்ளவர், மேய்க்க ஆளுள்ள குடும்பத்திடம் பெட்டைகளை ஒப்படைப்பார். பிறக்கும் குட்டிகளை இருவரும் பாதியாகப் பங்கிட்டுக்கொள்வர்.

மூன்றாவது கூறு. பண்டிகை நாட்களிலும் விருந்து நாட்களிலும் ஊரார் சிலர் சேர்ந்து ஓர் ஆட்டை விலை பேசுவர். லெப்பையோ மோதினாரோ வந்து பிஸ்மி சொல்லி அறுத்துத் தருவார். இறைச்சி, எலும்பு, ஈரல், குடல் யாவும் எல்லாக் கூறுகளிலும் இருக்குமாறு பனையோலையிலோ தேக்கிலையிலோ பரப்பிக் கூறு போடுவர். இதில் கடை இல்லை, தரகரும் இல்லை. ஆட்டை வளர்த்தவரே எதிரில் நிற்பார். ஆடு நோயுற்றதா, கிழடா என்பதை எல்லோரும் உயிருடன் கண்டிருப்பர். மேய்ச்சலில் வளர்த்த ஆட்டை வளர்த்தவரே உண்பவருக்கு விற்பது ஏதோ மேலைநாட்டுப் புதுமை என்று இக்காலத்தில் பேசப்படுகிறது. நம் சிற்றூர்களில் கூறுகறி என்ற பெயரில் அது தலைமுறை தலைமுறையாக நடந்து வந்துள்ளது.

மேய்ச்சலை மதித்த சட்டம்

இறைத்தூதர்கள் யாவரும் ஆடு மேய்த்தவர்களே என்றும், தாமும் மக்காவாசிகளுக்காகச் சில கீராத் கூலிக்கு ஆடு மேய்த்ததாகவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. மேய்ப்பரின் உழைப்பை அறிந்தவரின் சட்டம் மேய்ச்சலுக்குத் தனி இடமளித்ததில் வியப்பில்லை.

'ஸாயிமா' என்னும் கலைச்சொல்லை நாம் அறிவோம். வெளிப்புல்லில் தானாக மேயும் கால்நடை என்பது அதன் பொருள். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் கால்நடை ஜகாத் கடமையாவதற்கு அது ஸாயிமாவாக இருத்தல் வேண்டும். உரிமையாளர் விலை கொடுத்துத் தீவனமிட்டு வளர்க்கும் ஆட்டுக்கு அந்த ஜகாத் இல்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ இரண்டிலும் கடமை என்பார்கள். முன்னைய இரு மத்ஹபுகளின் அடிப்படை நுட்பமானது: பொதுப்புல்லை உண்டு வளர்ந்த செல்வத்தில் பொதுமக்களுக்குப் பங்குண்டு, தீவனச் சுமையைத் தானே தாங்கியவருக்கு அச்சுமை குறைக்கப்படுகிறது. புல்லுக்கும் வறியவரின் உரிமைக்கும் இடையே சட்டம் ஒரு நேர்கோட்டை வரைந்திருக்கிறது.

ஜகாத் வசூலிக்கச் செல்பவருக்கு உமர் (ரலி) அவர்கள் இட்ட கட்டளை முவத்தாவில் காணப்படுகிறது. மேய்ப்பர் தோளில் சுமந்து வரும் பிஞ்சுக் குட்டியையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அதனை எடுக்கலாகாது. இறைச்சிக்கெனக் கொழுக்க வைத்த ஆடு, குட்டிக்குப் பாலூட்டும் தாய், சினையாடு, பொலிகிடா ஆகியவற்றையும் தொடலாகாது. நடுத்தரமானதையே பெற வேண்டும். மந்தை எதனால் பிழைக்கிறதோ அதனை மந்தையிலேயே விட்டுவிடும் விதி இது. ஆடுகளை வசூலிப்பவரின் இருப்பிடத்திற்கு ஓட்டி வரச் செய்தலும் ஹதீஸில் தடுக்கப்பட்டுள்ளது. அதிகாரம் பெற்றவரே மேய்ப்பரின் இருப்பிடத்திற்கு நடந்து செல்ல வேண்டும்.

வாரமுறை குறித்து நம் அறிஞர்கள் ஆழ்ந்து விவாதித்துள்ளனர். பிறக்கப் போகும் குட்டியைக் கூலியாக வைப்பது கூலி இன்னதென்று தெரியாத நிலை என்பதால் ஹனஃபி மத்ஹபில் இவ்வொப்பந்தம் செல்லாது. ஒளரங்கசீப் காலத்தில் தொகுக்கப்பட்ட ஃபதாவா ஆலம்கீரியின்படி, அவ்வாறு செய்துவிட்டால் குட்டிகள் உரிமையாளருக்கும், தீவனச் செலவும் வழக்கமான கூலியும் மேய்ப்பருக்கும் உரியன. அந்நூல் ஒரு வழியையும் காட்டுகிறது: உரிமையாளர் கால்நடையின் பாதியை மேய்ப்பருக்கு ஒரு விலைக்கு விற்றுவிட வேண்டும். அப்போது இருவரும் கூட்டாளிகள். பெருக்கமும் பாதிப் பாதி. ஹன்பலி அறிஞர்களான இப்னு தைமிய்யா, இப்னுல் கய்யிம் (ரஹ்) ஆகியோர் பயிர்ப்பங்கை ஒப்பிட்டு வாரத்தை அனுமதித்தனர். மக்களின் தேவை மிகுந்த இடத்தில் அக்கருத்தை ஏற்க இடமுண்டு என்று மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்களும் இம்தாதுல் ஃபதாவாவில் குறித்துள்ளனர்.

இவ்விவாதத்தை வெறும் சட்ட நுணுக்கமாகக் கருதலாகாது. சாவா மூவாப் பேராட்டின் முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே ஆடு செத்தால் இழப்பு மேய்ப்பருக்கு மட்டுமே. இங்கே, மேய்ப்பர் கூட்டாளியாக்கப்பட்டால் இழப்பும் பாதி, பெருக்கமும் பாதி. கூட்டாளியாக்கப்படாவிட்டால் குட்டி பிறவாத ஆண்டிலும் அவருடைய கூலி உறுதி. எவ்வழியில் சென்றாலும் மேய்ப்பர் வெறுங்கையுடன் திரும்புவதை நம் நூல்கள் ஏற்கவில்லை.

துண்டுக்குள் மறைந்த விலை

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தை பெயர் பெற்றது. பண்டிகைகளுக்கு முந்தைய வாரங்களில் தொலைவிலிருந்தும் வணிகர்கள் வருவர். தமிழகச் சந்தைகளில் தரகர்கள் துண்டினால் கையை மறைத்து, விரல்களைப் பிடித்து விலை பேசும் வழக்கம் நெடுநாள் இருந்தது. பேசும் இருவருக்கும் விலை தெரியுமாதலால், ஹதீஸில் தடுக்கப்பட்ட 'முலாமஸா' எனும் தொட்டு முடிக்கும் விற்பனை இதுவன்று. ஆயினும் அருகில் நிற்கும் ஆட்டுக்காரருக்குத் தன் ஆட்டின் விலை இறுதிவரை தெரியாமற் போகும் இடங்களும் உண்டு என்பதை மறுக்க முடியாது.

நபி (ஸல்) அவர்கள் இரு தடைகளை விதித்தார்கள். ஒன்று, சரக்குடன் வருபவரை அவர் சந்தையை அடையுமுன் எதிர்கொண்டு வாங்குதல். அவ்வாறு வாங்கினால், விற்றவர் சந்தைக்கு வந்து விலையறிந்த பின் விற்பனையை முறிக்கும் உரிமையுடையவர் என்று ஸஹீஹ் முஸ்லிமின் அறிவிப்பு கூறுகிறது. மற்றொன்று, நாட்டுப்புறத்தாருக்காக நகரத்தார் விற்றுக் கொடுத்தல். இதன் பொருளை வினவியபோது, அவருக்குத் தரகராக இருத்தல் கூடாது என்பதே கருத்து என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கினார்கள்.

இவ்விரு தடைகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இடைத்தரகரை நீக்கி நேரடியாக வாங்குவது மட்டுமே நன்மையாகிவிடாது. பட்டிக்கே சென்று, நகரத்தின் விலையை மறைத்து, குறைந்த தொகைக்கு ஆட்டை ஓட்டி வருபவரும் நேரடியாக வாங்குபவரே. ஆனால் முதலாவது தடை அவரைத்தான் குறிக்கிறது. நேர்வணிகத்தைத் தூய்மையாக்குவது விலையறிவு. மேய்ப்பருக்குச் சந்தை விலை தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவருக்கு ஆடும் எடையும் தெரிந்திருக்க வேண்டும். பழைய கூறுகறியின் நேர்மை இந்த இருபுற அறிவிலேயே நின்றது.

இறைச்சி விற்பனையை ஒழுங்குபடுத்துவதிலும் நம் முன்னோர் தளரவில்லை. ஸலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தவரான அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரி, அங்காடிக் கண்காணிப்பாளருக்காக எழுதிய 'நிஹாயத்துர் ருத்பா' எனும் நூலில் இறைச்சிக்காரர்களுக்கென ஓர் இயலை ஒதுக்கியுள்ளார். ஆட்டைக் காலைப் பிடித்துக் கொடுமையாக இழுத்துச் செல்லக் கூடாது. மழுங்கிய கத்தியால் அறுக்கக் கூடாது. கடை வாசலில் அறுத்துப் பாதையை அசுத்தப்படுத்தக் கூடாது. செம்மறி இறைச்சியோடு வெள்ளாட்டு இறைச்சியைக் கலக்கக் கூடாது. வெள்ளாட்டின் வாலைக் கடைசித் துண்டு விற்கும்வரை உடலோடு விட்டு வைக்க வேண்டும். வணிகம் முடிந்ததும் இறைச்சி வெட்டும் கட்டையின் மீது பொடித்த உப்பைத் தூவ வேண்டும்; நாயும் பூச்சியும் அண்டாதிருக்கவே இது. உப்பு கிடைக்காவிடில் பொடித்த உஷ்னான் போதும் என்கிறார். உஷ்னான் உவர்நிலச் செடி. மரக்காணத்து உப்பளக் கரைகளில் முளைக்கும் உமரியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. இவ்வாறு உப்பு நிலமும் இறைச்சிக் கடையும் அந்நூலின் ஓர் இயலில் ஒன்றாக நிற்கின்றன.

வேலியிடப்பட்ட உப்பும் புல்லும்

மரக்காணத்தில் உப்பும் புல்லும் அடுத்தடுத்து இருப்பவை. இவ்விரண்டையும் நமது ஷரீஅத்தும் அடுத்தடுத்தே வைத்துள்ளது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழி. அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) என்பவர் யமனின் மஃரிபில் உள்ள உப்புப் படிவத்தைத் தமக்கு வழங்குமாறு வேண்டினார். நபி (ஸல்) அவர்களும் வழங்கினார்கள். அது வற்றாத ஊற்று நீரைப் போன்றது என்று ஒருவர் எடுத்துரைத்ததும் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உழைப்பின்றி வெளிப்பட்டு நிற்கும் கனிமத்தைத் தனியொருவருக்கு உடைமையாக்கக் கூடாது என்னும் சட்டத்தை ஃபுகஹாக்கள் இதிலிருந்து எடுத்தனர். கடல்நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் உழைத்து விளைவித்த உப்பு உழைத்தவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் உப்பு என்பதையே ஓர் அரசு தன் ஏகபோகமாக்கிக் கொள்வது வேறு.

கிழக்கிந்தியக் கம்பெனி 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அதன்பின் உப்பு காவலுக்குரிய பொருளாயிற்று. 1876-78 ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தை ஒட்டி நிவாரணப் பணியாக விரிவாக்கப்பட்டு, 1878-இல் ஆளுநர் பக்கிங்காமின் பெயர் பெற்ற கால்வாயின் தென்முனை மரக்காணமே. இவ்வழியே உப்பும் விறகும் படகுகளில் சென்னைக்குச் சென்றன. 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காட்டோரப் புல்லும் அனுமதிக்கும் கட்டணத்திற்கும் உரிய பொருளாயிற்று. எண்பது ஆண்டுக் காலத்திற்குள் உப்பும் புல்லும் இரண்டுமே வேலிக்குள் சென்றுவிட்டன. உப்பு வரிக்கு எதிராக 1930-இல் தண்டியிலும் வேதாரணியத்திலும் மக்கள் நடந்தனர். புல்லுக்கான போராட்டம் அந்த அளவுக்குப் பெயர் பெறவில்லை.

அதே நூற்றாண்டில் ஆட்டின் மற்றொரு பகுதி பெருமதிப்புப் பெற்றது. சென்னை பெரியமேடு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய இடங்களில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோல் தொழிலை வளர்த்தனர். சிற்றூர்களில் உப்பிட்டுச் சேர்த்த தோல் பதனிடப்பட்டுக் கடல் கடந்து சென்றது. அச்செல்வத்திலிருந்தே வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும் (1919), திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் (1951) போன்ற நிலையங்கள் எழுந்தன. குர்பானித் தோல்களின் வருவாய் நம் அரபிக் கல்லூரிகளின் அடுப்பை எரியவைத்த காலமும் உண்டு. ஆக, நம் சமுதாயத்தின் கல்வி வரலாற்றின் அடித்தளத்தில் எங்கோ புல் மேய்ந்த ஓர் ஆடும், அதன் பின்னே நடந்த பெயரறியாத மேய்ப்பரும் இருக்கின்றனர். நாம் தோலைக் கண்டோம், விலையைக் கண்டோம், அவரைக் காணவில்லை.

ஹிமா: யாரை உள்ளே விடுவது?

தமிழக அரசு 2021 டிசம்பரில் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, 5,151.6 ஹெக்டேர் பரப்பு. 2024 ஆகஸ்டில் அது ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. நெடுந்தொலைவு கடந்து வரும் பறவைகளின் புகலிடத்தைக் காப்பது போற்றத்தக்க செயல் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆயினும் அந்த மாணவரின் தந்தை நம்மிடம் கவலையோடு கேட்ட வினா ஒன்றுண்டு: "பறவை வரட்டும் ஹஜ்ரத், நல்லதுதான். கோடையில எங்க ஆடு எங்க போகும்?"

இவ்வினாவுக்கு ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 'ஹிமா' என்பது பொதுநலனுக்காக ஒதுக்கிக் காக்கப்படும் மேய்ச்சல் நிலம். அறியாமைக் காலத்தில் வலிமை மிக்க தலைவர்கள் தமக்கென ஹிமா வகுத்தனர். அவ்வழக்கத்தை ஒழித்து, அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்குமே ஹிமா உரியது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஒரு ஹிமாவுக்கு ஹுனைய் என்னும் தம் பணியாளரைக் காவலராக்கியபோது இட்ட கட்டளையைப் புகாரி பதிவு செய்துள்ளார். சில ஒட்டகங்கள், சில ஆடுகள் மட்டுமே உடையவரை உள்ளே விட வேண்டும். இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் கால்நடைகளை விடலாகாது. அவ்விருவரும் நபித்தோழர்களுள் தலைசிறந்தவர்கள். உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) அவர்களோ அடுத்த கலீஃபாவானவர்கள். ஆயினும் அவர்களுடைய மந்தை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் பயிரும் உண்டு. சிறுமந்தைக்காரரின் ஆடு அழிந்தால் அவர் தம் குழந்தைகளுடன் கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பார். அப்போது பொன்னும் வெள்ளியும் அளிப்பதைவிட இப்போது புல்லும் நீரும் அளிப்பது எளிது என்பதே அவர்கள் கூறிய காரணம். அந்நிலம் அம்மக்களின் சொந்த நாடு என்பதையும் உமர் (ரலி) அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இதில் இரு பாடங்கள் உள. ஒன்று, வேலி தேவை. கட்டுப்பாடற்ற மேய்ச்சலால் புல்வெளி அழியும். மற்றொன்று, வேலியின் வாசலில் நிற்பவர் முதலில் யாரை உள்ளே விட வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. அவ்வரிசையில் சிறியவரே முந்தியவர். லெபனானில் 2004 முதல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பொன்று இந்த ஹிமா மரபை மீட்டெடுத்து, பறவைகளின் வாழிடங்களை ஊர்மக்களின் பொறுப்பிலேயே காத்து வருகிறது. நம் நாட்டின் சட்டங்களிலும் இதற்கு இடமுண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலய எல்லைக்குள் மக்களுக்குள்ள உரிமைகளை விசாரிக்கும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் அளித்துள்ளது. ஆய்ந்து, சிலவற்றைத் தொடர அனுமதிக்கவும் வழியுண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை ஓர் உரிமையாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஊர்ப் பொதுநிலங்களைப் பற்றிய 2011 ஜக்பால் சிங் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அவற்றின் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. உரிமை இருந்தும் அதை எழுத்தில் பதிவு செய்து கோருவோர் இல்லாமையே குறை. மேய்ப்பர் மனு எழுதக் கற்றவர் அல்லர், நாம் கற்றவர்கள்.

நாம் செய்யத்தக்கன

இக்கட்டுரையைப் படிக்கும் பெரும்பாலோர் ஆடு வளர்ப்பவர்கள் அல்லர். ஆனால் யாவரும் குர்பானியும் அகீகாவும் கொடுப்பவர்கள். மஹல்லாக்கள் நடத்தும் கூட்டு ஏற்பாடுகளில், குறைந்தது சில ஆடுகளையேனும் அருகிலுள்ள சிறுமந்தைக்காரரின் பட்டிக்கே சென்று, அவ்வாரச் சந்தை விலையை அவருக்குத் தெரிவித்து, உயிர் எடைக்கு வாங்கலாம். அறுத்த பின்னர் தோலுக்கு நான்கைந்து மணி நேரத்திற்குள், அதன் எடையில் ஏறத்தாழ பாதியளவு உப்பைத் தேய்த்தால் அது கெடாது. தோலின் விலை வீழ்ந்துவிட்டது என்று கூறி அதனைக் குழியில் புதைப்பதைவிட, மரக்காணத்து உப்பு ஒரு மூட்டை வாங்குவது அமானிதத்தைப் பேணும் செயலாகும்.

வாசலில் அறுத்து விற்கும் குடும்பங்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவைப் பெற்றுத் தருவதும் கற்றவர்களின் கடமை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2011-இல் வகுக்கப்பட்ட விதிகள், நாளொன்றுக்குப் பத்துச் சிறுகால்நடை வரை அறுப்போரைச் சிறு வணிகராகக் கருதி, பெரிய உரிமத்திற்குப் பதில் எளிய பதிவை வகுத்தன. தூய்மையான இடம், கழிவு அகற்றல், நல்ல நீர் ஆகியவற்றை அஷ்ஷைஸரியும் வலியுறுத்துவார். இன்றைய அதிகாரியும் வலியுறுத்துவார். இருவருக்கும் ஒரே விடையை நாம் அளிக்க முடியும்.

அம்மாணவர் இப்போது ஓதி முடித்துப் பட்டம் பெற்று, ஒரு பள்ளிவாசலில் இமாமாகப் பணிபுரிகிறார். அண்மையில் சந்தித்தபோது மந்தையைப் பற்றி விசாரித்தோம். மேய்ச்சல் சுருங்கியதால் அத்தா சில பெட்டைகளை விற்றுவிட்டதாகவும், இப்போது இருபத்தாறு இருப்பதாகவும் கூறினார். நிஸாப் இன்னும் தொலைவில் இருக்கிறது. ஜகாத் கொடுக்கும் நிலையை எட்ட விரும்பும் ஒரு முஸ்லிமை அந்த எண்ணிக்கையிலிருந்து விலக்கி வைப்பது சோம்பல் அன்று; புல் இல்லாமை. புல்லில் பங்காளிகளான நாம் அப்பங்கைப் பற்றிக் கேட்கப்படுவோம் என்பதை நினைவில் கொள்வோமாக. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.